கரிக்குப் பதிலாக ஒரு கல்

வாடகைக் காரின் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். தீபாவளிக்கு மறுநாள் விடிகாலையில் தெருவில் அடிக்குமே, அந்தக் கந்தக நெடி. குளிர் அதற்குப் பின்னால்தான் வந்தது. ஹவாய் என்றால் கடலும் வெயிலும் என்று நம்பி அரைக்கால் சட்டையோடு கிளம்பிவிட்ட பசுபதி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். எரிமலையின் தோளில், நாலாயிரம் அடி உயரத்தில், பகல் பதினொரு மணிக்குப் பனிமூட்டம் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. நிறுத்தியிருந்த மற்ற கார்கள்கூட அரைகுறையாகத்தான் தெரிந்தன.

"ஈஸி ட்ரெயில்ஸ் ஃபார் பிகினர்ஸ்" என்று கையிலிருந்த ஃபைலைப் பார்த்துப் படித்தான். "மொத ட்ரெயில், அரை மைல். கொஞ்சம் காடு, நடுவுல ஒரு லாவா ட்யூப். அஞ்சு வயசுக் கொழந்தையே நடக்கலாமாம். நடந்து முடிச்சிட்டு சாப்பிடலாம், சரியா?"

எதையும் ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்து ஃபைலில் கோத்தால்தான் அவனுக்கு நிம்மதி. அது 1998 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு கம்பெனியை ஒரு வாரம் மூடியிருந்தார்கள். சான்டா கிளாராவுக்கு வந்து ஏழு வருஷத்தில் அவர்கள் ஊர் சுற்ற என்று கிளம்பியது இதுதான் முதல் தடவை.

பின் சீட்டிலிருந்து வெண்பா குதித்து இறங்கினாள். "இட் ஸ்மெல்ஸ் லைக் ராட்டன் எக்ஸ், அம்மா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு ஐந்து வயது. தமிழில் என்ன சொன்னாலும் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். பசுபதி திட்டியும் பார்த்துவிட்டான், சாக்லேட் கொடுத்தும் பார்த்துவிட்டான். மூன்று எழுத்தில் தமிழ்ப் பேர் வைத்ததோடு சரி.

வசந்தாமணிக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. எந்த மொழியில் பேசினால் என்ன, பிள்ளை பேசினால் போதும். இரண்டு தங்காமல் போய் மூன்றாவதாகத் தங்கியவள் வெண்பா. அவள் தூங்கும்போதுகூட மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிற தாய் இவள். வெண்பாவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. நடக்கும்போது அம்மாவின் கையைப் பிடிக்க மாட்டாள். வலது கைக் கட்டைவிரலை மட்டும் ஐந்து விரலாலும் சுற்றிப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடி இல்லாவிட்டால் வசந்தாமணிக்கு நடையே ஓடாது.

டிக்கியிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, கரி போட மறந்துட்டனுங்க."

பசுபதி சிரித்தான். அவனுக்குத் தெரிந்த கதைதான். வசந்தாமணிக்குப் பவானிப் பக்கம். கறிச்சோறு கட்டிக்கொண்டு ஆளில்லாத பாதையில் போவதாக இருந்தால், டப்பாவுக்குள் ஒரு அடுப்புக்கரித் துண்டைப் போட்டுத்தான் அனுப்புவார்கள். கறி வாசனைக்கு வருவது எதுவாக இருந்தாலும் கரியைக் கண்டால் அண்டாது என்று கணக்கு. சான்டா கிளாரா அப்பார்ட்மெண்டில் இருப்பது கரண்ட் அடுப்பு. அதனால் பார்பிக்யூ கரி ஒரு மூட்டை வாங்கி வைத்து, பிக்னிக் போகும்போதெல்லாம் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துப் போடுவாள். இங்கே வரும்போதும் ஒரு துண்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். காலையில் தங்கியிருந்த இடத்தில் பள்ளிபாளையம் சிக்கனைச் சுருளச் சுருள வறுத்து, சோற்றோடு எவர்சில்வர் டப்பாவில் வைத்தவள், அந்தத் துண்டைச் சமையல் மேடையிலேயே விட்டுவிட்டாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றான் பசுபதி. "இங்க பூரா டூரிஸ்டுங்க. எந்தப் பேய்டீ உன் சிக்கனுக்கு ஃப்ளைட் புடிச்சு வரப்போவுது?"

வசந்தாமணி சுற்றுமுற்றும் பார்த்தாள். பாதையோரமெல்லாம் கறுப்புக் கல்லாகக் கொட்டிக் கிடந்தது. குனிந்து ஒன்றை எடுத்தாள். எலுமிச்சம்பழ அளவு. உடம்பெல்லாம் ஓட்டை, கரி மாதிரியே கனமில்லை. கரியும் கறுப்பு, இதுவும் கறுப்பு. கரியும் நெருப்பில் வெந்தது, இதுவும் வெந்ததுதானே? டப்பாவைத் திறந்து சோற்றின் மேல் அதை வைத்து மூடினாள். மனசு கொஞ்சம் ஆறியது.

பத்தடி தள்ளி ஒரு பலகை இருந்தது. இங்கிருந்து கல், மண், செடி எதையும் எடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. அதைப் பசுபதி படித்தான். அவள் கல்லை எடுத்ததை அவன் பார்க்கவில்லை.

பாதையின் தொடக்கம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. சிமெண்ட் போட்ட வழி, கைப்பிடிக் கம்பி, குடை விரித்ததுபோல் ஆளுயரத்துக்கு மேலே நின்ற பெரணிச் செடிகள். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. எதிரே வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் வெண்பாவைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு எதிரே யாரும் வரவில்லை.

போகப்போகப் பறவைச் சத்தம் குறைந்தது. எப்போது நின்றது என்று வசந்தாமணியால் சொல்ல முடியவில்லை. சொட்டுச் சத்தம் மட்டும் காதில் விழுந்தது. தோளில் தொங்கிய பை கனத்தது. புறப்படும்போது இவ்வளவு கனம் இல்லை.

குகை வாய் வந்தது. எப்போதோ நெருப்புக் குழம்பு ஓடி, மேலே ஓடு கட்டி, உள்ளே வடிந்துபோய் உண்டான சுரங்கம். உள்ளே வரிசையாகச் சின்ன விளக்குகள் எரிந்தன. பசுபதி வீடியோ கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். வசந்தாமணியும் வெண்பாவும் பின்னால். தலைக்கு மேலிருந்து தண்ணீர் சொட்டி முடியெல்லாம் நனைந்தது. வெண்பாவின் கை ஜில்லிட்டிருந்தது.

"அம்மா, இஸ் தேர் எ மான்ஸ்டர்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. அப்பா முன்னாடி போறாரு பாரு."

பாதித் தூரம் வந்திருப்பார்கள்.

விளக்குகள் அணைந்தன.

எல்லாமே ஒரே சமயத்தில் அணைந்தன. இருட்டு என்றால் கண்ணை மூடினாலும் திறந்தாலும் வித்தியாசம் தெரியாத இருட்டு. முன்னால் எங்கிருந்தோ பசுபதியின் குரல் கேட்டது. "பயப்படாத, கரண்ட் போயிடுச்சு, அங்கியே நில்லு!"

அவள் நின்றாள். சொட்டுச் சத்தம் நின்றது. கந்தக நெடி குபீரென்று வந்தது. அதற்குள்ளே இன்னொரு வாசனை, சுடச்சுடச் சோறு வடித்த வாசனை. தோளில் இருந்த பைக்குள் டப்பா மூடி தானாக நகர்வது கேட்டது.

கிர்ர்ர் என்று, ரொம்ப மெதுவாக.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. முன்னாலிருந்து, வெளிச்சம் இருக்க வேண்டிய திசையிலிருந்து வந்தது.

"அம்மா, நான் இங்க இருக்கறனுங்மா. வாங்க."

வெண்பாவின் குரல்.

வெண்பா அங்கே இருக்கிறாள்.

அப்படியென்றால் இங்கே தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எது?

அது ஈரமாக இருந்தது. ஜில்லென்று இருந்தது. அவள் கையை உதறினாள். அது விடவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்தது. காலடியில் ஏதோ முனகியது. வாய்விட்டுக் கத்தக்கூட முடியாமல், இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இன்னொரு தடவை உதறினாள். பிடி விட்டது. ஏதோ சுவரில் மோதிச் சறுக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல், முட்டிக்கொண்டும் தடுக்கிக்கொண்டும் அந்தக் குரலை நோக்கி ஓடினாள்.

விளக்குகள் வந்தன. அதற்குள் அவள் மறுமுனைப் படிக்கட்டுக்கே வந்துவிட்டிருந்தாள். படியின் உச்சியில், பெரணிக்கு நடுவே, வெண்பா நின்றுகொண்டிருந்தாள். வசந்தாமணி பாய்ந்து அவளை வாரி மார்போடு அணைத்து முத்தமாகக் கொடுத்தாள். குகைக்குள்ளே எட்டிப் பார்த்தாள். மஞ்சள் வெளிச்சமும் ஈரச் சுவரும்தான் இருந்தன.

படிக்கட்டடியில் நின்றிருந்த பசுபதி தலையைத் துவட்டிக்கொண்டே மேலே வந்தான். "இவ எப்ப என்னைத் தாண்டி வெளிய வந்தா? நான் பாக்கவேயில்ல!"

அவர்கள் இரண்டு பேருக்கும் தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெண்பாவின் தலை காய்ந்திருந்தது. அதை வசந்தாமணி கவனித்தாள். ஆனால் பிள்ளை கைக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கார் நிறுத்தியிருந்த இடத்துக்குத் திரும்பி, மர பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைப் பிரித்தார்கள். ஒரு வாய் வைத்ததும் பசுபதி முகத்தைச் சுளித்தான். "உப்பே போடலியா?" உப்பு மட்டுமா, காரம், புளிப்பு, வாசனை எதுவுமே இல்லை. பஞ்சை மெல்லுவது மாதிரி இருந்தது. காலையில் மூன்று தடவை ருசி பார்த்து வறுத்தவள் அவள். வேண்டாத ஒன்று முகர்ந்துவிட்ட சோறு இப்படித்தான் சப்பென்று ஆகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள்.

கறி வறுவல் பக்கமே தலைவைத்துப் படுக்காத வெண்பா, பீநட் பட்டர் சாண்ட்விச்சைத் தள்ளிவிட்டு, டப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மிளகாயும் எலும்புமாக வழித்து வழித்துத் தின்றாள். கடைசியில் அந்தக் கல் மட்டும் மிஞ்சியது. அதைத் தூக்கி எறிய வசந்தாமணி கையை நீட்டியபோது, வெண்பா டப்பாவை மூடிக்கொண்டாள்.

"இது ஊட்டுக்கு வரட்டுங்மா. நம்மளுதுதானுங்களே."

பசுபதி எழுந்தே நின்றுவிட்டான். "ஏய்! இவ தமிழ் பேசறாடீ! அதுவும் உங்க ஊருப் பேச்சு!" மகளைத் தூக்கித் தலைக்கு மேல் சுற்றினான். அவன் கண்ணில் தண்ணீர். ரொம்ப நாள் வேண்டுதல் பலித்தவன் மாதிரி இருந்தான். அந்தச் சந்தோஷத்தில் கல் டப்பாவோடு பெட்டிக்குள் போய், பெட்டி விமானத்தில் ஏறிவிட்டது.

சான்டா கிளாராவில் ஜனவரி மழை பிடித்துக்கொண்டது. வெண்பா இப்போது தமிழ் மட்டும்தான் பேசினாள். ஸ்வெட்டர் கேட்பதில்லை. டிவி பார்ப்பதில்லை. மூன்று வேளையும் சோறு கேட்டாள், எவ்வளவு போட்டாலும் தட்டு காலியானது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் மற்றவர் தட்டில் ருசி இருக்காது. "டயட்டுக்கு நல்லது" என்று பசுபதி அதையும் ஜோக்காக்கினான். வெளியே போகும்போது வெண்பா அம்மாவின் கையை முழுதாகக் கோத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை எப்போதும் கதகதவென்று, காய்ந்துபோய் இருந்தது.

ஸ்கூலில் டீச்சர் ஜூடித் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினாள். "உங்கள் மகளுக்கு நான் பேசுவது எதுவுமே புரியவில்லையே, வீட்டில் என்ன நடக்கிறது?" என்று கவலையோடு விசாரித்தாள்.

வெள்ளிக்கிழமை சுற்றிப் போட்டாள். உப்பும் மிளகாயும் வெண்பாவின் தலையைச் சுற்றி எடுத்து, அலாரம் அலறக் கூடாதே என்று ஜன்னலைத் திறந்து வைத்து, இரும்புச் சட்டியில் கருக்கினாள். கமறவே இல்லை. அப்படியானால் கண்ணேறுதான், கழிந்தது என்று கும்பிட்டாள். அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி, அப்போதும் கமறவில்லை. அதே மிளகாயைப் பசுபதிக்குச் சுற்றிப் போட்டபோது வீடே இருமியது, அலாரம் கூரையைப் பிய்த்தது. வெண்பா மட்டும் அந்தப் புகைக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் வசந்தாமணி கல்லின் கதையைப் புருஷனிடம் அழுதுகொண்டே சொன்னாள். காவலுக்கு என்று வைத்தேனே, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரி ஆகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள். வா என்று இலை போட்டு, சோற்றையும் வைத்துக் கூப்பிட்டது மாதிரி அல்லவா ஆகிவிட்டது.

பசுபதிக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் அழுகை தாங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீஸில் கூட வேலை பார்க்கும் டென்னிஸிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு வந்தான். "கல்லை எடுத்துட்டு வந்தவங்க நெறைய பேரு, ஏதாச்சும் கெட்டது நடந்தா அந்தப் பார்க்குக்கே திருப்பி பார்சல் பண்ணிடுவாங்களாம். நாளைக்கி சனிக்கிழம, போஸ்ட் ஆபீஸ் மத்தியானம் வரைக்கும் இருக்கும். அனுப்பித் தொலைச்சிடலாம். அப்புறமாவது நீ நிம்மதியா தூங்கு."

மறுநாள் பளிச்சென்று வெயில். மணி பதினொன்றரை. பசுபதி கீழே காரில் காத்திருந்தான். வசந்தாமணி சாப்பாட்டு மேஜையில் அட்டைப் பெட்டியை விரித்து, விலாசத்தை எழுதி முடித்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, சமையலறையின் மேல் அலமாரிக் கோடியில் ஒரு மாதமாகத் தொடாமல் கிடந்த எவர்சில்வர் டப்பாவை இறக்கினாள்.

மூடியைத் திறந்தாள். உள்ளே சுவரெல்லாம் தண்ணீர் கோத்திருந்தது.

சொட்டு.

சொட்டு.

கல்லை எடுத்தாள். ஈரமாக இருந்தது. ஜில்லென்று இருந்தது. இந்த ஜில்லிப்பு அவளுக்குத் தெரிந்தது.

"குடுங்மா. நான் டேப்பு ஒட்டறனுங்." வெண்பா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கையில் டேப் சுருளை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். கண்கள் கல்லின் மேலேயே இருந்தன. "ஊடு வந்து சேந்தாச்சுங், இனி இது வேண்டாமுங். சீக்கிரமா அனுப்பிருங். அப்பறம் எந்தத் தொந்தரவும் இல்லீங்."

வசந்தாமணி கல்லைப் பெட்டிக்குள் வைத்தாள். கையை எடுக்கப் போனாள்.

எடுக்க வரவில்லை.

வலது கைக் கட்டைவிரலை ஏதோ பிடித்திருந்தது.

பெட்டியில் கல் மட்டும்தான் இருந்தது. அவள் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. ஆனால் விரலுக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. குளிர்ந்து விறைத்த ஐந்து சின்ன விரல்கள், கட்டைவிரலைச் சுற்றி.

குகைக்குள்ளே, அந்த இருட்டில், அவள் உதறிய கை எதைப் பிடித்திருந்தது?

அன்றைக்குப் பயத்தில் மறந்தது இன்றைக்கு நினைவுக்கு வந்தது. கையையா பிடித்திருந்தது அது? கட்டைவிரலை அல்லவா பிடித்திருந்தது. இரண்டாவது தடவை உதறுமுன் காலடியில் கேட்ட முனகல், "அம்மா, டோன்ட்..." அல்லவா? பெற்ற மகள் கெஞ்சக் கெஞ்ச, இந்தக் கையால்தானே சுவரில் மோத உதறினாள். உதறிவிட்டு எதைத் தூக்கி மார்போடு அணைத்தாள்? எதற்கு இத்தனை நாளும் சோறு போட்டாள்?

வாய் கோணி, சத்தம் வராமல் அழுதாள். "கண்ணு" என்றாள் கல்லைப் பார்த்து. "அம்மா இங்கதான் இருக்கேன் கண்ணு."

கீழே பசுபதி ஹாரன் அடித்தான். போஸ்ட் ஆபீஸ் மூட இன்னும் அரை மணிதான் இருந்தது.

பக்கத்தில் நின்றது டேப்பைக் கிர்ர்ர் என்று இழுத்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாக. பிறகு கதகதப்பான காய்ந்த கையை அவள் மணிக்கட்டின் மேல் வைத்தது.

"விடுங்மா" என்றது, ரகசியம் போல. "அன்னிக்கி விட்டீங்கல்லீங், அதே மாதிரி."

வசந்தாமணி விடவில்லை. கட்டைவிரலைப் பிடித்திருந்த ஈரமான ஐந்து விரல்களும் இன்னும் கொஞ்சம் இறுகின.